அந்த நான்கு ஆண்டுகள் வீண் போகவில்லை

மாவோ அசாடா என்ற பெயரைக் கேட்டதும் ஃபிகர் ஸ்கேட்டிங் பார்ப்பவர்களில் பலர் ஒரே கதையைத்தான் சொல்வார்கள். ஜப்பானின் நகோயா நகரத்து அதிசயச் சிறுமி. 15 வயதிலேயே உலகின் முன்னணி வீராங்கனைகளை வென்றவர். பிறகு ட்ரிபிள் ஆக்ஸல் என்ற ஒரே தாவலைக் கட்டிக்கொண்டு அழுதவர். 2010 வான்கூவர் ஒலிம்பிக்கில் தென்கொரியாவின் கிம் யூனாவிடம் தங்கத்தைப் பறிகொடுத்தவர். அதன் பின் தாவல்களைத் திருத்துகிறேன் என்று நான்கு ஆண்டுகளைத் தொலைத்து, 2014 சோச்சி ஒலிம்பிக்கில் விழுந்துபோனவர். கதை முடிந்ததும் ஒரு பெருமூச்சு: எவ்வளவு பெரிய திறமை, இப்படி வீணாகிவிட்டதே!

இந்தக் கதை தவறு. ஓரிரு தகவல்கள் பிசகியிருக்கின்றன என்ற அளவில் இதைச் சொல்லவில்லை. கதையின் அடிப்படையே தவறு. எந்த நான்கு ஆண்டுகளை வீண் என்கிறார்களோ, அந்த ஆண்டுகளில்தான் மாவோ அசாடா முழுமையான ஸ்கேட்டர் ஆனார். தொழில்நுட்பத்திலும் கலையிலும் அவர் ஒரே சமயத்தில் வளர்ந்தார். இரண்டும் ஒரே வளர்ச்சியாக இருந்தன. பதக்கப் பட்டியலை மட்டும் பார்ப்பவர்களுக்கு அது தெரியவில்லை.

இந்தப் பார்வை ரசிகர்களின் அரட்டையோடு நின்றுவிடவில்லை என்பதால்தான் இதை மறுக்க வேண்டியிருக்கிறது. 2014 பிப்ரவரி 20 அன்று, சோச்சியில் மாவோ முதல் நாள் ஆட்டத்தில் விழுந்ததற்கு மறுநாள், ஜப்பானின் முன்னாள் பிரதமர் யோஷிரோ மோரி பொதுமேடையில் பேசினார். முக்கியமான நேரத்தில் அந்தப் பெண் எப்போதும் விழுந்துவிடுகிறாள் என்பது அவர் சொன்னதன் சாரம். டோக்கியோ ஒலிம்பிக் ஏற்பாட்டுக் குழுவின் தலைவராக இருந்தவர் அவர். நாட்டின் விளையாட்டுத் துறையில் அவ்வளவு உயரத்தில் இருந்தவரே இப்படிப் பேசலாம் என்றால், அந்தக் கதை எவ்வளவு ஆழமாக வேரோடியிருக்க வேண்டும்!

அந்தக் கதை மூன்று கால்களில் நிற்கிறது. 15 வயது மாவோதான் உச்சம், பின்னர் வந்ததெல்லாம் சரிவு என்பது முதல் கால். தாவல் வேறு, கலை வேறு. அவர் தாவலைத் தேர்ந்துகொண்டு கலையைக் கைவிட்டார் என்பது இரண்டாவது. தாவல்களைத் திருத்தியமைத்த 2010 முதல் 2014 வரையிலான காலம் வீண் என்பது மூன்றாவது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் அந்த உச்சம். 2005 டிசம்பரில் டோக்கியோவில் நடந்த கிராண்ட் பிரி இறுதிப் போட்டியில் மாவோ ரஷ்யாவின் இரினா ஸ்லுட்ஸ்கயாவை வென்று தங்கம் பெற்றார். அதற்கு ஓராண்டு முன்பே, ஜூனியர் போட்டியில் ட்ரிபிள் ஆக்ஸலை நிறைவேற்றியிருந்தார். இரண்டே மாதத்தில் டூரின் ஒலிம்பிக். ஆனால் 2005 ஜூலை 1க்குள் 15 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பது விதி; செப்டம்பர் 25 அன்று பிறந்த அவருக்கு 87 நாள் குறைந்தது. அவர் போகவில்லை. அன்றிலிருந்து ரசிகர்களின் மனத்தில் ஓர் ஏக்கம் குடியேறியது: அப்போதே போயிருந்தால் வென்றிருப்பாரே!

வென்றிருக்கலாம். ஆனால் அந்தச் சிறுமியிடம் என்ன இருந்தது, என்ன இல்லை என்று பார்க்க வேண்டும். லேசான உடம்பு இருந்தது, பயமின்மை இருந்தது, காற்றில் சுழலும் வேகம் இருந்தது. முக்கால் நொடிக்கும் குறைவான நேரத்தில் மூன்று சுற்றுச் சுற்ற வேண்டிய விளையாட்டில், இடுப்பும் தோளும் விரியாத சிறுமியின் உடம்புக்கு இயற்கையிலேயே ஒரு சலுகை உண்டு. அந்தச் சலுகை பல குறைகளை மறைத்துவிடும். மாவோவிடமும் மறைத்தது.

அந்தக் குறைகளில் முக்கியமானது லட்ஸ். லட்ஸ் தாவலுக்கு ஸ்கேட்டர் இடது பாதத்தின் வெளி விளிம்பில் சாய்ந்து, பின்னோக்கி நீண்ட வளைவில் வர வேண்டும். எழும்பும் கணம்வரை பிளேடு அந்த வெளி விளிம்பிலேயே நிற்க வேண்டும். உடம்பு சுழலப்போகும் திசையோ அந்த வளைவுக்கு நேர் எதிர். அதனால் கடைசிக் கணத்தில் கணுக்கால் தானாக உட்பக்கம் சரியப் பார்க்கும். சரிந்துவிட்டால் அது லட்ஸ் ஆகாது. அதைவிட எளிதான ஃபிளிப் தாவலின் தொடக்கம் ஆகிவிடும். மாவோவின் லட்ஸ் அப்படிச் சரிகிற லட்ஸ். 2007-08 பருவத்தில் நடுவர்கள் இந்த விளிம்புக் குறையைத் தனியாகக் குறித்து மதிப்பெண் குறைக்கத் தொடங்கியபோது அது வெளிச்சத்துக்கு வந்தது. இரண்டாவது குறை சால்கோவ். மற்றவர்கள் சுலபமாகச் செய்யும் அந்தத் தாவல் அவருடைய ஆட்டங்களில் அரிதாகவே தலைகாட்டியது. மூன்றாவது, தொடர்தாவல்களில் இரண்டாவது தாவலின் சுழற்சி முழுமையாகாமல் தரையிறங்குவது.

15 வயதில் இருந்தது உச்சம் அன்று, கடன். இயற்கை தந்த கடன். வளரும் ஒவ்வொரு பெண்ணிடமும் அந்தக் கடனைக் காலம் திருப்பிக் கேட்கும். அப்போது கையில் உண்மையான தொழில் இருக்கிறதா என்பதே கேள்வி.

அடுத்தது, தாவல் வேறு, கலை வேறு என்ற வாதம். மாவோவையும் கிம் யூனாவையும் எதிரெதிராக நிறுத்தியவர்கள் இதைத்தான் வாய்ப்பாடு போலச் சொன்னார்கள்: கிம் கலைஞர், மாவோ தாவல்காரி. இருவருக்கும் இது அநீதி. கிம் யூனாவின் ட்ரிபிள் லட்ஸ், ட்ரிபிள் டோ லூப் தொடர்தாவல் அந்தக் காலத்துப் பெண்கள் பிரிவில் தொழில்நுட்பத்தின் சிகரங்களில் ஒன்று. அவர் அரங்கின் குறுக்கே பாய்ந்து வரும் வேகம், அந்த வேகம் குறையாமலே எழும்பிக் குறையாமலே இறங்கும் விதம், இவைதாம் அவருடைய இசையை நம் கண்ணுக்குக் காட்டின. அவரிடம் தொழில்நுட்பத்தைக் கழித்துவிட்டுக் கலையை மட்டும் எடுத்துக்காட்ட யாராலும் முடியாது.

மதிப்பெண் முறையே இந்தக் குழப்பத்துக்கு வழிவகுத்தது. 2002 சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கில் நடுவர் ஊழல் வெடித்த பிறகு, பழைய 6.0 முறை போய்ப் புது முறை வந்தது. அதில் தாவல், சுழற்சி, காலடி வரிசை ஆகியவற்றுக்கு ஒரு கணக்கு. ஆட்டத்தின் தரத்துக்கு இன்னொரு கணக்கு. தாளில் இரண்டு கட்டங்களைப் பார்த்தவர்கள் ஆளும் இரண்டு என்று முடிவுகட்டினார்கள். ஆனால் கலைப் பக்கம் என்று நினைத்த அந்த இரண்டாவது கணக்கில், அந்த ஆண்டுகளில் ஐந்து தலைப்புகள் இருந்தன. முதல் தலைப்பு என்ன தெரியுமா? ஸ்கேட்டிங் திறன். பிளேடின் விளிம்பை ஆளும் வலிமை, முழங்கால் மடிப்பின் மென்மை, தள்ளாமலே வேகம் கூட்டும் வித்தை. கலைக்கு மதிப்பெண் போட உட்கார்ந்த நடுவர் முதலில் பார்க்க வேண்டியது கால்வேலையை. விதியை எழுதியவர்களுக்குத் தெரிந்த உண்மை, விமர்சனம் எழுதியவர்களுக்குத் தெரியாமல் போனது.

ட்ரிபிள் ஆக்ஸலுக்கு வருவோம். ஆறு வகைத் தாவல்களில் ஆக்ஸல் ஒன்றுதான் முகம் முன்னோக்கியபடி எழும்பும் தாவல். மற்ற ஐந்தும் பின்னோக்கிச் சறுக்கியபடி தொடங்குபவை. எல்லாத் தாவலும் பின்னோக்கித்தான் இறங்கும் என்பதால், ட்ரிபிள் ஆக்ஸலில் மூன்றரைச் சுற்று. இதைச் சர்வதேசப் போட்டியில் செய்த முதல் பெண் மிடோரி இட்டோ, அவரும் நகோயாக்காரர். அவருக்கும் சிறுமி மாவோவுக்கும் பயிற்சி தந்தவர் ஒரே ஆசிரியை, மச்சிகோ யமாடா. 1992 ஆல்பர்வில் ஒலிம்பிக்கில் இட்டோ அந்தத் தாவலை நிறைவேற்றி வெள்ளி வென்றார். ஆகவே மாவோவின் ஆக்ஸல் ஒரு தனிமனிதப் பிடிவாதம் என்று தள்ளிவிடக்கூடியதன்று. ஓர் ஊரின், ஒரு பயிற்சிக்கூடத்தின் பரம்பரைச் சொத்து அது.

அந்தத் தாவல் லாபமில்லாதது என்று கணக்குக் காட்டுவார்கள். அந்தக் கணக்கு உண்மைதான். வான்கூவர் ஒலிம்பிக்கின் போது ட்ரிபிள் ஆக்ஸலின் அடிப்படை மதிப்பு 8.2. மாவோ முதல் நாளின் குறுகிய ஆட்டமான ஷார்ட் புரோகிராமில் செய்த ட்ரிபிள் ஆக்ஸல், டபுள் டோ லூப் தொடர்தாவலுக்கு 9.5. கிம் யூனா செய்த ட்ரிபிள் லட்ஸ், ட்ரிபிள் டோ லூப் தொடருக்கோ 10.0. அதாவது பெண்கள் விளையாட்டின் மிகக் கடினமான தாவலைச் செய்தவருக்குத் தொடக்கத்திலேயே அரைப் புள்ளி குறைவு. இதை வைத்து, கணக்குத் தெரியாமல் ஆடினார் என்கிறார்கள். எனக்கு இதில் தெரிவது வேறு. புள்ளிக்காக ஆடுபவர் இந்தத் தாவலைத் தொட்டிருக்க மாட்டார். பிள்ளைப் பருவத்திலிருந்து தன் உடம்பு பேசிவந்த மொழி அது என்பதால் ஆடினார். வான்கூவரில் ஷார்ட் புரோகிராமில் ஒன்று, அடுத்த நீண்ட ஆட்டமான ஃப்ரீ ஸ்கேட்டில் இரண்டு என ஒரே போட்டியில் மூன்று ட்ரிபிள் ஆக்ஸல்கள் செய்தார். அதுவரை எந்தப் பெண்ணும் செய்யாதது. இதைச் செய்தவரிடம் கலையில்லை என்று சொல்ல, கலையென்றால் கையசைப்பு மட்டும்தான் என்று நம்ப வேண்டும்.

அது வெறி என்ற குற்றச்சாட்டுக்கும் ஆதாரம் நிற்காது. 2012 இலையுதிர் காலத்தில், உடம்பும் தாவலும் தயாராக இல்லாதபோது அவர் ட்ரிபிள் ஆக்ஸலை ஒதுக்கிவைத்தார். அது இல்லாமலேயே சீனக் கோப்பை, என்எச்கே கோப்பை, பிறகு கிராண்ட் பிரி இறுதிப் போட்டி என மூன்றையும் வென்றார். 2013 பிப்ரவரியில் ஒசாகாவில் நடந்த நான்கு கண்டங்கள் போட்டியில்தான் அதைத் திரும்பக் கொண்டுவந்தார். வெறி பிடித்தவர் ஒதுக்கிவைக்க மாட்டார். எப்போது எடுக்கலாம், எப்போது எடுக்கக்கூடாது என்று தெரிந்தவர் மட்டுமே அப்படிச் செய்வார்.

இனி மூன்றாவது கால், அதாவது அந்த நான்கு ஆண்டுகள்.

வான்கூவர் முடிந்தபோது மாவோவுக்கு வயது 19. கையில் ஒலிம்பிக் வெள்ளி. அடுத்த மாதமே டூரினில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில் கிம் யூனாவைப் பின்தள்ளித் தங்கம். 2008இல் ஏற்கெனவே ஒருமுறை உலகச் சாம்பியன். இந்த நிலையில் யாராக இருந்தாலும் இருப்பதை வைத்து ஓட்டியிருப்பார்கள். அவர் தன் தாவல்கள் அத்தனையையும் அடிப்படையிலிருந்து திருத்தத் தொடங்கினார். அதே ஆண்டு செப்டம்பரில் நோபுவோ சாட்டோவைப் பயிற்சியாளராகத் தேர்ந்துகொண்டார். பத்து முறை ஜப்பான் சாம்பியன் சாட்டோ. அவர் மகள் யூகா சாட்டோ 1994இன் உலகச் சாம்பியன். தாவலைவிடச் சறுக்கலுக்கு முதலிடம் தரும் ஆசிரியர் என்று பெயர் பெற்றவர். பிளேடு பனியில் எப்படி ஓடுகிறது, முழங்கால் எப்படி மடிகிறது, எங்கே சாய்கிறோம் என்பதிலிருந்து அவருடைய பாடம் தொடங்கும்.

இந்த வேலை எவ்வளவு கடினம் என்பதை விளையாட்டு தெரியாதவர்களும் உணர வேண்டும். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள், நாள்தோறும் பல முறை செய்து தசையில் ஊறிப்போன அசைவை மறக்க வேண்டும். அதன் இடத்தில் வேறொன்றைப் பதிக்க வேண்டும். அதையும் உலகம் பார்த்துக்கொண்டிருக்கும்போது, போட்டிகளில் ஆடிக்கொண்டே செய்ய வேண்டும். குடியிருக்கும் வீட்டின் அஸ்திவாரத்தைத் தோண்டி மறுபடி போடுவது போன்ற காரியம். வீடு ஆட்டங்காணாமல் அது நடக்காது.

ஆட்டங்கண்டது. 2010 அக்டோபரில் சொந்த ஊரான நகோயாவிலேயே நடந்த என்எச்கே கோப்பையில் எட்டாவது இடம். அடுத்துப் பாரிஸில் ஐந்தாவது. 2011 உலகச் சாம்பியன்ஷிப்பில் ஆறாவது. 2012இல் நீஸ் நகரில் மறுபடி ஆறாவது. சரிவுக் கதை சொல்பவர்கள் இந்த எண்களைத்தான் அடுக்குவார்கள். அந்த அடுக்கில் அவர்கள் சேர்க்காத ஒன்று உண்டு. 2011 டிசம்பரில் கிராண்ட் பிரி இறுதிப் போட்டிக்காகக் கனடாவின் கியூபெக் நகரில் இருந்தபோது தாயின் உடல்நிலை மோசமாகிவிட்டதென்று செய்தி வந்தது. போட்டியைக் கைவிட்டு ஊர் திரும்பினார். அவர் வந்துசேருவதற்குள் தாய் இறந்துவிட்டார். அதே மாதம் நடந்த ஜப்பான் தேசியப் போட்டியில் களமிறங்கி வென்றார். முக்கியமான நேரத்தில் விழுபவர் என்று அவரைச் சொன்னவர்கள், ஒரு மனித வாழ்வில் எது முக்கியமான நேரம் என்று எண்ணிப் பார்த்தார்களா?

ஆறாவது இடம் ஆறாவது இடம்தான். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த எண் எதன் விலை என்று கேட்க வேண்டும். அதற்குப் பதில் சோச்சியில் கிடைத்தது.

2014 பிப்ரவரி 19. ஷார்ட் புரோகிராமில் மாவோ ட்ரிபிள் ஆக்ஸலில் விழுந்தார், தொடர்தாவலும் கைகூடவில்லை. 55.51 புள்ளி, 16ஆவது இடம். பதக்க வாய்ப்பு அன்றே முடிந்துவிட்டது. மோரி பேசியது அதற்குப் பிறகுதான். அடுத்த சில மணி நேரத்தில், பதக்கத்துக்குப் போட்டியிடும் கடைசிக் குழுவுக்கு வெகு முன்னதாகவே, நீல உடையில் அவர் மறுபடி பனியில் இறங்கினார். இசை ராக்மனினோவின் இரண்டாம் பியானோ கான்செர்ட்டோ. முதலில் ட்ரிபிள் ஆக்ஸல், நின்றார். ஃபிளிப்பும் லூப்பும் சேர்ந்த தொடர். பிறகு லட்ஸ். பிறகு டபுள் ஆக்ஸலோடு டோ லூப். பிறகு சால்கோவ். மறுபடி ஃபிளிப், மூன்று தாவல்களின் தொடராக. கடைசியில் லூப். எட்டு ட்ரிபிள் தாவல்கள். ஆறு வகைகளும் அதில் அடக்கம். ஒன்றிலும் விழவில்லை.

இதை வான்கூவர் ஃப்ரீ ஸ்கேட்டோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே அவர் திட்டமிட்டது ஆறு ட்ரிபிள்கள். வகை நான்குதான்: ஆக்ஸல், ஃபிளிப், லூப், டோ லூப். லட்ஸ் கிடையாது, சால்கோவ் கிடையாது. திட்டமிட்டதிலும் டோ லூப் ஒற்றைச் சுற்றாகச் சிதறியது. நான்கு வகை ஆறு வகையானது, ஆறு தாவல் எட்டானது. அந்த இரண்டு புது வகைகள் எங்கிருந்து வந்தன? வீணாகப் போனதாகச் சொல்லப்படும் நான்கு ஆண்டுகளிலிருந்து வந்தன. சோச்சியில் நடுவர்கள் சில இடங்களில் சுழற்சிக் குறையும் விளிம்புக் குறையும் குறித்தார்கள் என்பது உண்மை. லட்ஸ் அன்றும் முழுக்கத் தீர்ந்த கணக்காகவில்லை. ஆனால் தன் பலவீனத்தை மறைக்கும் ஆட்டத்திலிருந்து, தன் பலவீனத்தையும் மேடையேற்றும் ஆட்டத்துக்கு அவர் வந்துவிட்டிருந்தார். இந்தத் தூரத்தை 15 வயதில் கடக்க முடியாது. கடக்க வேண்டும் என்றுகூட அந்த வயதில் தோன்றாது.

142.71 புள்ளி. அன்றைய ஃப்ரீ ஸ்கேட்டில் மூன்றாவது இடம். தங்கம் வென்ற அடெலினா சோட்னிகோவாவும் வெள்ளி வென்ற கிம் யூனாவும் மட்டுமே அவருக்கு மேலே. வெண்கலம் வென்ற கரோலினா கோஸ்ட்னர் அன்று பெற்றது 142.61. மொத்தத்தில் மாவோவுக்கு ஆறாவது இடம்தான் கிடைத்தது. ஆனால் கடைசி இசைக்குறிப்பில் முகத்தை மேலே உயர்த்தி அவர் அழுததைப் பார்த்த எவரும், அங்கே நின்றது ஒரு தோல்வி என்று சொல்ல மாட்டார்கள். உலகெங்கும் அந்த ஆட்டம் இன்றும் திரும்பத் திரும்பப் பார்க்கப்படுகிறது.

கலை வளர்ந்ததா என்று இன்னும் ஐயப்படுபவர்களுக்கு என்னிடம் ஒரு சோதனை இருக்கிறது. ஒரே இசை, ஒரே நடன அமைப்பாளர், ஏழு ஆண்டு இடைவெளி. 2006-07 பருவத்தில், 16 வயது மாவோவுக்காக லோரி நிக்கோல் ஷோப்பானின் நாக்டர்ன் இசைக்கு ஷார்ட் புரோகிராம் அமைத்தார். 2013-14 பருவத்தில் 23 வயது மாவோவுக்காக அதே நிக்கோல், அதே நாக்டர்னுக்கு வேறொன்று அமைத்தார். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் போதும், வாதமே தேவைப்படாது.

16 வயது மாவோவின் ஆட்டம் அழகு. கை மென்மையாக அசைகிறது, முகம் மலர்கிறது, அத்தனையும் இனிமை. ஆனால் இசை ஒரு பக்கம் ஓட, உடம்பு அதன் மேல் மிதக்கிறது. பியானோ ஒரு சுரத்தை நீட்டும்போது காலும் நீள்கிறதா என்று பார்த்தால், பல இடங்களில் காலுக்கு அடுத்த தாவலின் அவசரம். 23 வயதில் அந்த அவசரம் இல்லை. ஒரு தள்ளலில் நெடுந்தூரம் போகிறார். அந்தத் தூரத்துக்குள் இசையின் ஒரு முழு வாக்கியம் அடங்குகிறது. காலடி வரிசையில் முழங்கால் ஆழமாக மடிந்து நிமிரும்போது பியானோவின் ஏற்ற இறக்கம் உடம்புக்குள்ளிருந்து வருவது போலிருக்கிறது. அந்த மடிப்பும், அந்தச் சாய்வும், தள்ளாமலே கூடும் அந்த வேகமும் சாட்டோவிடம் நான்கு ஆண்டுகள் கற்ற பாடம். இதைத் தொழில்நுட்பம் என்று எழுதுவீர்களா, கலை என்று எழுதுவீர்களா? எந்தக் கட்டத்தில் எழுதினாலும் மற்றதைத் துண்டித்துத்தான் எழுத வேண்டும்.

16 வயதில் அந்த இசைக்கு அவர் செய்த ஆக்ஸல் இரட்டைச் சுற்று. 23 வயதில் ட்ரிபிள். கடினம் கூடியும் அமைதி குலையவில்லை. 2014 மார்ச்சில், சோச்சிக்கு அடுத்த மாதம், ஜப்பானின் சைத்தாமாவில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில் இந்த நாக்டர்ன் 78.66 புள்ளி பெற்றது. வான்கூவரில் கிம் யூனா நிறுவிய 78.50 என்ற உலகச் சாதனையை அது முறியடித்தது. மொத்தம் 216.69 புள்ளியுடன் மாவோ மூன்றாவது முறையாக உலகச் சாம்பியன் ஆனார். சரிந்துவிட்டார் என்று சொல்லப்பட்ட ஒருவர், 23 வயதில் தன் வாழ்வின் மிக உயர்ந்த மதிப்பெண்ணைப் பெற்றார்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் ஒன்றுண்டு. அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. ஒலிம்பிக் தங்கம் கிடைக்கவில்லையே, சோச்சியின் ஷார்ட் புரோகிராமில் ட்ரிபிள் ஆக்ஸலைத் தவிர்த்திருந்தால் பதக்கம் கிடைத்திருக்கலாமே என்பது அது. கிடைத்திருக்கலாம். ஓர் இரவின் வெற்றி தோல்விக்கு இது சரியான வாதம். ஒரு வளர்ச்சியை அளக்க இது கோலாகாது. ஒலிம்பிக் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை, இரண்டே ஆட்டங்களில், ஏழு நிமிடத்துக்குள் முடிந்துவிடுவது. அங்கே விழுந்த ஒரு தாவலை வைத்து நான்கு ஆண்டு உழைப்பைத் தீர்ப்பிட முடியுமானால், சரியாக முப்பத்தாறாவது நாளில் அதே தாவலோடு வந்த உலகச் சாதனையை வைத்தும் தீர்ப்பிட வேண்டும். ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை விடுவது நியாயமில்லை.

இன்னொன்றும் சொல்வார்கள்: ஓராண்டு ஓய்வுக்குப் பின் திரும்பி வந்தும் பெரிதாகச் சாதிக்கவில்லை, 2016 டிசம்பர் தேசியப் போட்டியில் 12ஆவது இடம், 2017 ஏப்ரலில் ஓய்வு. ஆம். முழங்கால் வலியோடு, 26 வயதில், இந்த விளையாட்டில் உடம்பு தேய்ந்துபோவதில் வியப்பென்ன? உடம்பு முடிந்த இடத்தை வைத்து, அது கற்றதை மறுக்க முடியாது.

பழைய கதையை இத்தனை தூரம் மறுப்பதற்கு ஒரு வீராங்கனையின் மேல் உள்ள பற்று மட்டும் காரணமில்லை. 15 வயதில் உச்சம், பின்னர் சரிவு என்ற நம்பிக்கை கதையோடு நிற்காது, பயிற்சிக்கூடத்தின் திட்டமாகிவிடும். உச்சம் 15 வயதில்தான் என்றால், பயிற்சியாளரும் பெற்றோரும் அந்த வயதுக்குள் எல்லாவற்றையும் பிழிந்துவிடப் பார்ப்பார்கள். லட்ஸின் விளிம்பைத் திருத்த நேரமில்லை, சுழற்சி போதும் என்பார்கள். சோச்சியில் 15 வயதில் குழுப் போட்டியின் தங்கத்தில் பங்கு பெற்ற யூலியா லிப்னிட்ஸ்கயா 19 வயதில் விளையாட்டை விட்டார். 2018இல் 15 வயதில் ஒலிம்பிக் தங்கம் வென்ற அலினா ஜாகிதோவா, 2019 டிசம்பரில், 17 வயதில் போட்டிகளிலிருந்து ஒதுங்கினார். இந்தச் சிறுமிகளின் திறமை மாவோவுடையதற்குக் குறைந்ததில்லை. வளர்ந்த உடம்பில் மறுபடி கற்றுக்கொள்வதற்கான நேரமும் பொறுமையும் அவர்களுக்கு வாய்க்கவில்லை. சர்வதேச ஸ்கேட்டிங் சங்கமே கடைசியில் 2022இல், சீனியர் போட்டிகளுக்கான குறைந்தபட்ச வயதைப் படிப்படியாக 17 ஆக உயர்த்த முடிவெடுத்தது.

விதி மாறிவிட்டது, பார்ப்பவர்களின் கண் மாறவில்லை. இன்றும் ஒரு சிறுமி கடினமான தாவலோடு வந்தால் அதிசயம் என்கிறோம். அவளே இரண்டு ஆண்டு கழித்து உயரம் கூடி, தாவல் தடுமாறி, பட்டியலில் கீழிறங்கினால் முடிந்துவிட்டாள் என்கிறோம். அந்தத் தடுமாற்றத்தில் அவள் என்ன செய்கிறாள் என்று யாரும் பார்ப்பதில்லை. விளிம்பைத் திருத்துகிறாளா? சறுக்கலைக் கற்கிறாளா? அவளுடைய ஆட்டத்தில் சென்ற ஆண்டு இல்லாத ஒரு தாவல் இருக்கிறதா? இசைக்கும் காலுக்கும் நடுவே இருந்த இடைவெளி குறைந்திருக்கிறதா? ஓர் இளம் ஸ்கேட்டரை மதிப்பிட விரும்புபவர் கேட்க வேண்டிய கேள்விகள் இவை. இவற்றுக்கான விடை எந்தப் பதக்கப் பட்டியலிலும் இருக்காது. பருவம் பருவமாக ஆட்டத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

மாவோ அசாடாவிடம் இந்தக் கேள்விகளைக் கேட்டால் 2010 முதல் 2014 வரை ஒவ்வொன்றுக்கும் ஆம் என்ற விடைதான் வருகிறது. 19 வயதில், ஒலிம்பிக் வெள்ளியும் உலகத் தங்கமும் கையில் இருக்க, தனக்குத் தெரிந்ததெல்லாம் போதாது என்று முடிவெடுத்தவர் அவர். அந்த முடிவுக்கு எட்டாவது இடத்தையும் ஆறாவது இடத்தையும் விலையாகக் கொடுத்தார். ஆறு வகைத் தாவல்களையும் ஒரு நாக்டர்னையும் பெற்றார். வீணான திறமைக்கு உதாரணமாக அவர் பெயரைச் சொல்வதை இத்தோடு நிறுத்துவோம். ஒரு திறமை எப்படி வளர வேண்டும் என்பதற்கு உதாரணம் கேட்பவர்களிடம் அவர் பெயரைச் சொல்வோம்.